விளக்கு எரிந்த ஆழம்

ஞாயிற்றுக்கிழமை சும்மா உட்காரத் தெரியாத ஆள் நான். காலையில் காபி உள்ளே போனதும் கை எதையாவது தேட ஆரம்பித்துவிடும். கதவு கிறீச்சிட்டால் எண்ணெய் விடுவேன், நாற்காலி ஆடினால் காலுக்கு ஆப்பு வைப்பேன், ஒன்றும் கிடைக்காவிட்டால் நன்றாக இருக்கிற அலமாரியைக் கழற்றித் திரும்ப மாட்டுவேன். உங்கள் மேஜையையே பாருங்கள். இந்தப் பக்கத்துக் கால் கட்டையாக இருக்கிறது. நீங்கள் எழுதும்போதெல்லாம் ஆடுகிறது. ஒரு அட்டையை மடித்துக் கீழே வைத்தால் தீர்ந்தது. இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் இத்தனை பேர் இருந்தும் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

கயிற்றைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன். வகுப்பில் சரியான கேள்வி கேட்ட பையனை நான் அடித்ததே கிடையாது. கிணறு எத்தனை வருஷமாக மூடிக் கிடந்தது, தணிகைவேல் குடித்திருந்தானா, எங்களுக்குள் வாய்த்தகராறு உண்டா என்று இத்தனை நாளாக நீங்கள் கேட்டதெல்லாம் கேள்வியே இல்லை. இன்றைக்குத்தான் உருப்படியாக ஒன்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதற்கு மட்டும் தனியாகப் பதில் சொன்னால் உங்களுக்குப் புரியாது. முதலிலிருந்து வருகிறேன், குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் நீலமேகம். உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியர். மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் பூஞ்சேரி தாண்டினால் சவுக்குத் தோப்புக்கு நடுவே எங்கள் வீடு தெரியும். பக்கத்தில் சிங்காரம் குடிசை ஒன்றுதான். தோப்புக் காவல்காரர். வீட்டில் நானும் தங்கை சியாமளாவும். அம்மா போனபோது அவள் பாவாடை சட்டை போட்ட பெண். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். நான்தான் தலைவாரிவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பினேன். அவளுக்காக நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இதை நான் யாரிடமும் சொல்லிக்காட்டியதில்லை. அவளிடம் மட்டும் அவ்வப்போது சொல்வேன், அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக.

அவளுக்கு வரன் வராமல் இல்லை. வந்தார்கள். ஒருவன் பம்பாயில் வேலை. அத்தனை தூரம் எப்படி அனுப்புவது. இன்னொரு வீட்டில் நாத்தனார்கள் அதிகம், இடித்தே கொன்றுவிடுவார்கள். அச்சரப்பாக்கத்துப் பையன் தங்கமானவன், ஆனால் பேசும்போது தரையையே பார்த்தான், எனக்கு அது பிடிக்கவில்லை. செங்கல்பட்டில் ஒரு குமாஸ்தா, அவனிடம் என்ன குறை கண்டேன் என்பது இப்போது ஞாபகம் இல்லை. ஏதோ இருந்தது. இப்படியே அவளுக்கு முப்பது தாண்டிவிட்டது. ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆடு, கோழி, முயல், நாய் என்று கொண்டுவந்து சேர்த்துக்கொண்டாள். வீட்டுக் கொல்லை மிருகக்காட்சி சாலை ஆனது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அதுகள் எங்கேயும் அவளை அழைத்துக்கொண்டு போகப்போவதில்லை.

அப்புறம் ரேடியோ கெட்டுப்போனது.

நானே பிரித்துப் பார்த்தேன். மூடினால் ஒரு திருகாணி மிச்சம், சத்தம் மட்டும் வரவில்லை. சியாமளாவுக்கு இலங்கை வானொலி இல்லாவிட்டால் சமையல் ஓடாது. பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர், கூடுவாஞ்சேரியில் தணிகைவேல் என்று ஒருவன் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறான், கைராசிக்காரன் என்றார். ஞாயிற்றுக்கிழமை ரயிலும் பஸ்ஸும் மாறி அவனே வீட்டுக்கு வந்தான். உட்கார்ந்தான், பிரித்தான், வாயில் திருகாணிகளை அடுக்கிக்கொண்டே அவளிடம் முயலைப் பற்றி விசாரித்தான். ரேடியோ பாடியது. அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை, அதனால் உள்ளே யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறும் வந்தான். ரேடியோ எப்படிப் பாடுகிறது என்று பார்க்க வந்தானாம்.

சித்திரையில் அவன் அம்மா ஆதியம்மாள் தாம்பூலத் தட்டோடு வந்தாள். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தபோது சியாமளா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"அண்ணா, உன்னை நான் எதுவும் கேட்டதில்லை. இவரை மட்டும் வேணாம்னு சொல்லிடாதே. இது போச்சுன்னா எனக்கு வேற எதுவும் இல்லை" என்றாள். குரல் உயரவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

நான் அந்த நிமிஷமே சம்மதம் சொன்னேன். ஆவணியில் முதல் முகூர்த்தத்தில் கல்யாணம், அப்புறம் அவள் கூடுவாஞ்சேரிக்குப் போய்விடுவாள் என்று முடிவாயிற்று. ஆதியம்மாளைக் கேளுங்கள், நான் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன் என்று சொல்வாள். மாப்பிள்ளை பிடிக்காத அண்ணன் அப்படி வாங்குவானா?

நிச்சயம் ஆனதும் ஞாயிறுகள் எல்லாம் அவனுடையவை ஆகிவிட்டன. காலை பஸ்ஸிலேயே கருவிப் பையோடு இறங்கிவிடுவான். ஊரில் எல்லாருக்கும் நான் சார். அவனும் முதலில் சார் என்றுதான் கூப்பிட்டான். நிச்சயம் ஆன மறுவாரம் வாசலிலிருந்தே "இன்னா மச்சான், நாஸ்தா ஆச்சா?" என்றான். என் ஈஸிசேரில் உட்கார்ந்தான். அதன் துணி தொங்குகிறது என்று கண்டுபிடித்து, கழற்றி, இழுத்துக் கட்டினான். அந்தத் துணியைக் கட்டியது நான். எனக்கு எந்த அளவில் தொங்கவேண்டுமோ அந்த அளவில் கட்டியிருந்தேன்.

பிறகு கொடிக்கம்பி, தோட்டத்துக் குழாய், கோழிக்கூண்டின் கதவு. வாராவாரம் நான் செய்துவைத்த ஒன்றைப் பிடுங்கிவிட்டு அவன் ஒன்று செய்வான். கூண்டுக் கதவைக் கையில் தூக்கிப் பார்த்து, "இத்த யாரு மச்சான் பண்ணது? ஆணி அடிச்ச கையிக்கு மோதரம் போடணும்" என்று சொல்லிச் சிரித்தான். சியாமளாவும் சிரித்துவிட்டு, உடனே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் பொத்திக்கொள்ளாமல் இருந்திருந்தால்கூட எனக்கு இத்தனை உறைத்திருக்காது. அவன் செய்த கதவு நன்றாகத்தான் மூடியது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நியாயம் தெரியாதவன் ஆவேன்.

அந்தச் சமயத்தில் வீட்டில் சில இழப்புகள் நடந்தன. வைகாசியில் ஒரு கோழி காணாமல் போனது. கீரி என்றேன் நான். தணிகைவேல் ஒரு ஞாயிறு முழுக்கக் குனிந்து கூண்டைச் சுற்றிக் கம்பிவலை அடித்தான். நான் வலையை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் ஒரு முயல். நாய்மேல் சந்தேகம் வந்தது. ஜாக்கி என்று ஒரு செவலை நாய், ஒரு பூச்சியைக்கூடக் கடிக்காது, ஆனாலும் நாய் நாய்தானே. ஆனியில் ஒரு நாள் சியாமளா கடைக்குப் போயிருந்தபோது ஜாக்கியை நெம்மேலியில் ஒரு மீன்காரர் வீட்டில் விட்டுவிட்டேன் என்று அவளிடம் சொன்னேன். இரவெல்லாம் அழுதாள். தணிகைவேல் அடுத்த ஞாயிறு எந்த வேலையையும் தொடவில்லை. நெம்மேலிக் குப்பம் முழுக்க வீடு வீடாகப் போய் விசாரித்துவிட்டு வெயிலில் கறுத்துத் திரும்பினான்.

"யாரு வூட்டுல வுட்ட மச்சான்? பேரு சொல்லேன், நான் இட்டாரேன்" என்றான்.

"பேர் கேட்கவில்லை" என்றேன். அவன் நம்பினான். அவனிடம் உள்ள கெட்ட குணம் அது. யார் என்ன சொன்னாலும் நம்புவான்.

இனிக் கிணறு. வீட்டுக்கு முன்னால் இருப்பது குடிதண்ணீர்க் கிணறு. பின்னால் இருப்பது அப்பா காலத்திலேயே உப்புப் பாய்ந்து கைவிட்டது. கருங்கல் கட்டு, நல்ல ஆழம், அடியில் சேறுதான். கொல்லைச் சருகு, ஆட்டுப்புழுக்கை, கோழிக்கழிவு எல்லாவற்றையும் அதில்தான் கொட்டுவோம். குப்பை நாறுகிறது என்று சியாமளா சொன்னதால் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பலகைகள் வைத்து மூடி செய்தேன், இடுக்குகளில் தார் பூசினேன். காற்று போகாத மூடி. நான் செய்தவற்றில் தணிகைவேல் கை வைக்காதது அது ஒன்றுதான். அதற்காகவே எனக்கு அதன்மேல் பிரியம் வந்தது. அடிக்கடி போய் அதன் பக்கத்தில் உட்காருவேன்.

வகுப்பில் வருஷாவருஷம் ஒரு பரிசோதனை செய்து காட்டுவேன். கரியமில வாயு காற்றைவிடக் கனம். ஒரு ஜாடியில் அதைப் பிடித்து, தண்ணீர் ஊற்றுகிற மாதிரியே இன்னொரு ஜாடிக்குள் ஊற்றுவேன். உள்ளே எரிகிற மெழுகுவர்த்தி அணைந்துவிடும். ஊற்றுவது கண்ணுக்குத் தெரியாது, அணைவது தெரியும். பையன்கள் கை தட்டுவார்கள். குப்பை அழுகும் கிணற்றிலும் அதேதான், அதோடு இன்னும் சில கெட்ட காற்றுகளும் அடியில் தேங்கும். இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு வாயுவின் பெயர் தெரியாதே தவிர விஷயம் தெரியும். மூடிக் கிடந்த கிணற்றில் இறங்குமுன் வாளியில் ராந்தலை ஏற்றிவைத்து இறக்கிப் பார்ப்பார்கள். எரிந்தால் இறங்கலாம். அணைந்தால் வேப்பங்கொத்தை விட்டு அலசுவார்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுவார்கள். தணிகைவேலுக்கும் தெரியும், சியாமளாவுக்கும் தெரியும்.

வைகாசியில் ஒரு நாள் நானும் இறக்கிப் பார்த்தேன். மூடியில் ஒரு பலகையை மட்டும் நகர்த்திவிட்டு. பாதிக் கிணறு வரைக்கும் விளக்கு ஆடாமல் எரிந்தது. அதற்குக் கொஞ்சம் கீழே போனதும் ஊதி அணைத்த மாதிரி அணைந்தது. கயிற்றை மேலே இழுத்து, ஏற்றி, திரும்ப இறக்கினேன். அதே இடம். கை அந்த அளவைப் பழகிக்கொண்டது.

ஆனால் விளக்கு அணைவது வேறு, உயிர் அணைவது வேறு. சில சமயம் விளக்கு எரியாத காற்றிலும் மனிதன் மூச்சு விட்டுக்கொண்டிருப்பான். அரைகுறையாகத் தெரிந்துகொண்டு ஒரு காரியத்தில் இறங்குவது என் சுபாவம் இல்லை. அதனால் கூடையில் கோழியை வைத்து இறக்கினேன். அது சத்தமே போடவில்லை. எனக்கு ஆறுதலாக இருந்தது. கோழி சின்ன உயிர், அதை ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வருவது விஞ்ஞானம் ஆகாது, ஆகவே முயல். முயலைவிட ஜாக்கி பெரியது. வாலை ஆட்டிக்கொண்டே கூடையில் ஏறி உட்கார்ந்தது. நான் அதன் தலையைத் தடவிக்கொடுத்துத்தான் இறக்கினேன். மூன்றும் அடியிலேயே கிடக்கின்றன, நீங்கள் சேற்றைக் கிளறினால் கிடைக்கும். பிராணிகளிடம் எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை என்பதை இங்கே பதிவு செய்துவிடுங்கள்.

ஆடி மாதத்து ஞாயிறு. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற நாள். ஒலிபெருக்கி காலையிலிருந்தே அலறிக்கொண்டிருந்தது, ஊர் முழுக்க அங்கேதான். சிங்காரமும் போயிருந்தார். சியாமளா தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். திரும்ப வர மத்தியானம் ஆகும் என்று கணக்குப் போட்டிருந்தேன். தணிகைவேல் வேலியோரம் பட்டுவுக்குப் பட்டி அடைத்துக்கொண்டிருந்தான். பட்டு சியாமளாவின் ஆட்டுக்குட்டி. பின்னங்கால் ஊனம். சந்தையில் யாரோ கறிக்குக் கொடுக்க இருந்ததை வாங்கிவந்தாள். தணிகைவேல் மூங்கில் பிளந்து அதன் காலுக்குத் துணிசுற்றிக் கட்டுப்போட்டுவிட்டிருந்தான். அந்தக் கட்டோடு அது டக்டக்கென்று வீடெல்லாம் நடக்கும். கல்யாணத்துக்குப் பிறகு அதையும் கூடுவாஞ்சேரிக்கு அழைத்துப்போவதாக அவர்கள் பேசிக்கொண்டார்கள்.

நான் கிணற்று மூடியைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். நடுப் பலகைகளை எடுத்துவிட்டேன்.

"நீ குந்து மச்சான், நான் பண்றேன்" என்று குரல் கொடுத்தான்.

"வேண்டாம், இது என் வேலை" என்றேன். அன்றைக்கு நான் அவனிடம் சொன்னதில் கலப்படம் இல்லாத வார்த்தை அதுதான்.

திறந்த இடத்தின் குறுக்கே டீத்தூள் பெட்டியின் மெல்லிய பலகை ஒன்றைப் போட்டேன். அதன்மேல் ஒரு கொத்து அகத்திக்கீரை. பட்டுவைத் தள்ளவேண்டிய அவசியம் இருக்கவில்லை. பலகை முறிகிற சத்தம், அப்புறம் கீழேயிருந்து ஒரு கத்தல். தணிகைவேல் சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். அதே நேரத்தில் சியாமளா தூக்குவாளியோடு கொல்லைக் கதவைத் தாண்டி உள்ளே வந்தாள். கூழ் சூடாக இருக்கும்போதே அவனுக்குக் கொடுக்கவேண்டும் என்று கூட்டத்தில் முண்டியடித்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். என் கணக்கில் அது இல்லை.

"பட்டு எங்கே அண்ணா?" என்றாள்.

"உள்ள கீது. கத்திக்கினு கீது, கேளு. நான் எடுத்தாரேன், நீ அழுவாத" என்று அவன் லுங்கியை மடித்துக் கட்டினான். கிணற்றுச் சுவரில் கால் வைக்கக் கற்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு காலை உள்ளே வைத்தும்விட்டான்.

அவனைத் தடுத்தது நான். இதை அடிக்கோடிட்டு எழுதுங்கள்.

"பொறு. மூடிக் கிடந்த கிணறு. விளக்கு இறக்கிப் பார்க்காமல் யாரும் இறங்கக் கூடாது" என்றேன்.

அவன் காலை வெளியே எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான். அதுவரைக்கும் அவன் என்னை அப்படிப் பார்த்ததில்லை. "நல்ல வேள சொன்ன மச்சான். நீ கீறப்போ எனக்கு இன்னா பயம்" என்றான்.

ராந்தலை ஏற்றினேன், வாளியில் வைத்தேன், இறக்கினேன். மூவரும் எட்டிப் பார்த்தோம். இருட்டுக் கிணற்றில் ஒரு வெளிச்சம் இறங்கிக்கொண்டே போவது தெரியுமே தவிர எவ்வளவு போயிருக்கிறது என்று மேலேயிருந்து சொல்ல முடியாது. கை பழகிய இடம் வந்ததும் நிறுத்தினேன். வாளி தரையைத் தொட்டால் கயிறு லேசாகத் தளரும் இல்லையா, அந்தத் தளர்ச்சியை விரலால் காட்டினேன். விளக்கு அழகாக எரிந்தது. எல்லாரும் எரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். எங்கே எரிகிறது என்று பார்ப்பதில்லை.

"சோக்கா எரியுது மச்சான்" என்றான்.

அதற்குள் ஆட்டுக்குட்டியின் சத்தம் நின்றுவிட்டிருந்தது. மயக்கம் போட்டிருக்கும், சீக்கிரம் என்றான். சியாமளா, "இடுப்புல ஒரு கயிறு கட்டிக்கிட்டு இறங்குங்க" என்றாள். கொட்டகையில் இன்னொரு கயிறு இருந்தது. கால் மாற்றும்போது சிக்கிக்கொள்ளும், கையால் பிடித்துக்கொள்ள மரத்தில் கட்டின கயிறு போதும் என்று நான் சொன்னேன். நான் சொன்னால் கேட்டுக்கொள்வாள், சின்ன வயதிலிருந்து அப்படித்தான். நான் கொட்டகைக்குப் போய் அந்த இன்னொரு கயிற்றை எடுத்துவந்து தென்னையில் கட்டினேன். கட்டும்போது அவளிடம், "சும்மா நிற்காமல் அந்த விளக்கை மேலே இழு" என்றேன். அவள் இழுத்தாள்.

அவன் இறங்கினான். கற்களில் கால் வைத்து, பேசிக்கொண்டே. பட்டிக்கு வாசல் கிழக்கே வைக்கலாமா என்று அவளைக் கேட்டான். வழுக்குகிறது என்றான். பாதி தாண்டியதும், "மச்சான், ஒரு மாதிரி..." என்றான். அதற்குமேல் இல்லை. சேறு என்பதால் விழுந்த சத்தம் பெரிதாகக் கேட்கவில்லை.

சியாமளா உள்ளே இறங்கப் பார்த்தாள். நான் அவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். கையைக் கடித்தாள், பாருங்கள், தழும்பு இருக்கிறது. விடவில்லை. அவளை அன்றைக்குக் காப்பாற்றியது யார் என்று ஊரில் ஒருவரும் பேசவில்லை. அவள் அலறல் ஒலிபெருக்கி பாட்டை மாற்றுகிற இடைவெளியில் சாலையில் வந்துகொண்டிருந்த சிங்காரத்துக்குக் கேட்டிருக்கிறது. ஓடிவந்தார். விஷயம் தெரிந்ததும் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு இறங்கத் தயாரானார்.

சிங்காரத்தின்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அவர் எதற்காகச் சாகவேண்டும்? ஆகவே அவரையும் தடுத்தேன். நம்பவில்லை. "இன்னா சார், உள்ள மனுசன் கீறான், நீ கைய புடிக்கிற" என்று கத்தினார். சொல்லிப் புரியவைக்க முடியாதபோது செய்து காட்டவேண்டும். இருபது வருஷமாக என் தொழில் அது. ராந்தலை ஏற்றித் திரும்ப இறக்கினேன். கை பழகிய இடத்தில் நிறுத்தவில்லை. அடிவரைக்கும் விட்டேன். பாதி வழியில் அணைந்தது, அப்புறமும் கயிறு போய்க்கொண்டே இருந்தது. "பார்த்தீரா" என்றேன். சிங்காரம் தலைத்துண்டை அவிழ்த்து வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

"அப்போ மட்டும் எப்படி எரிஞ்சுது?" என்று கேட்டாள் சியாமளா.

அவன் விழுந்ததில் சேறு கலங்கி அடியில் இருந்த கெட்ட காற்று மேலே கிளம்பியிருக்கும் என்றேன். நல்ல பதில்தான். எந்தப் பரீட்சையிலும் முழு மதிப்பெண் கிடைக்கும்.  வந்து கயிற்றைப் பிடித்து, அணைந்த விளக்கை அவளே இழுக்க ஆரம்பித்தாள். இழுத்துக்கொண்டே இருந்தாள். வாளி மேலே வருவதற்கு வெகுநேரம் ஆனது. வந்த பிறகும் கயிற்றை விடாமல் கையில் வைத்துக்கொண்டு, காலடியில் சுருண்டு கிடந்த மிச்சக் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதிர்ச்சி என்று நினைத்தேன். சின்ன வயதிலிருந்து தினம் கிணற்றில் தண்ணீர் இறைத்த பெண்ணுக்கு எந்த ஆழத்துக்கு எத்தனை கை இழுக்கவேண்டும் என்று யோசிக்க வேண்டியதில்லை, தோளே சொல்லிவிடும். எனக்கு அது தோன்றவில்லை. நான் தண்ணீர் இறைத்ததில்லை. வீட்டில் அது அவள் வேலை.

செங்கல்பட்டிலிருந்து தீயணைப்பு வண்டியில் வந்து அவனை எடுத்தார்கள். ஆட்டுக்குட்டியையும் எடுத்தார்கள். ஆதியம்மாள் வந்து மண்ணில் புரண்டாள். சியாமளா அவள் கூடவே கூடுவாஞ்சேரிக்குப் போனாள், காரியம் முடிந்தும் வரவில்லை. அந்த அம்மாள் இவளை மருமகளே என்றுதான் கூப்பிடுகிறாளாம். கட்டாத தாலிக்கு இவளும் பூ வைத்துக்கொள்வதில்லையாம். துக்கத்தில் இப்படியெல்லாம் செய்வது சகஜம். நான் இரண்டு தடவை அழைத்துவரப் போனேன். இரண்டு தடவையும் அவள் உள்ளேயே இருந்தாள், ஆதியம்மாள்தான் வாசலுக்கு வந்தாள். தலைவலியாம். சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தலைவலி உண்டு.

இன்றைக்கு நீங்கள், விளக்கை முதல் தடவை இழுத்தபோது எத்தனை கை, இரண்டாம் தடவை எத்தனை கை என்று கேட்டீர்கள். அந்தக் கயிற்றை இரண்டு தடவையும் இழுத்தவள் ஒருத்திதான். ஆகவே புகார் கொடுத்தது யார் என்று நீங்கள் மறைக்கவேண்டாம். எனக்குக் கோபம் இல்லை. அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. கேட்டால் கேட்டதற்குப் பதில் சொல்வாள். அப்படித்தான் வளர்த்திருக்கிறேன்.

நீங்கள் கேட்காமலேயே சொல்லிவிடுகிறேன். தணிகைவேலைக் கொன்றது நான். எங்கே நிறுத்தவேண்டும் என்று தெரிந்து விளக்கை நிறுத்தினேன், இடுப்புக் கயிறு வேண்டாம் என்றேன், அவன் செத்துப்போவான் என்று தெரிந்துதான் மரத்தில் கயிறு கட்டிக் கொடுத்தேன். எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் சேர்க்கக் கூடாது. நேற்று உங்கள் ஏட்டு யாரிடமோ, தங்கச்சி கல்யாணம் நடக்கக் கூடாது என்று இந்த ஆள் செய்த வேலை இது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வாக்கியம் என் வாக்குமூலத்தில் வந்தால் நான் கையெழுத்துப் போடமாட்டேன். அவளுக்கு நல்ல இடமாக வந்திருந்தால் நானே முன்னால் நின்று நடத்தி வைத்திருப்பேன்.